இரண்டு வெட்டு விழுந்த அளவுகோல்

உன் மகள் நேற்று தென்னூருக்கு வந்தாள். குடைத்துணியில் சுற்றிய கோலை மேஜைமேல் வைத்து, "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க, மாமா" என்றாள். துணியைப் பிரிக்கும் முன்பே மீன் கவிச்சி அடித்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

அந்தக் குடைத்துணியை மறப்பேனா? ஸ்ரீரங்கத்தில் உன் தெருவில் மீன் என்ற பேச்சே ஆகாது. தூண்டிலை அதில் குடைபோலச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கொளுத்தும் வெயிலில் கிளம்புவாய். "மழை வருமா சார்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். "வந்தாலும் வரும்" என்பாய். காவிரிக் கரைக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பாய்.

நம் தூண்டில் சங்கத்துக்கு நீதான் செயலாளர், விதிகளும் நீ எழுதியவை. ஆளுக்கு ஒரு தூண்டில். வலை கூடாது. சினை மீனையும் சாணுக்குக் குறைந்ததையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். யார் சாண் என்று சண்டை வந்தபோது, ஒரு தேக்குக் கோலில் உன் கையை விரித்து வைத்து, சுண்டுவிரல் நுனி பட்ட இடத்தில் கோலில் கத்தியால் வெட்டுப் போட்டாய். "மீன் வளர்ற வரைக்கும் பொறுக்காதவன் மார்க்கெட்டுக்குப் போகட்டும்" என்றாய்.

இறைச்சி ஆகாத தவக்கால வெள்ளி ஒன்றில் எனக்கு ஒரே ஒரு கெண்டை சிக்கியது. வீட்டில் மீன் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வெட்டுக்கு அரை விரல் குறைவு. பிடுங்கி ஆற்றில் போட்டாய். "உன் சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், போடா." அன்று கத்தரிக்காய்க் குழம்புதான் சாப்பிட்டேன். உன்மேல் எனக்குப் பெருமையாக இருந்தது, தெரியுமா?

அப்படிப்பட்டவன், நயா பைசா வந்த வருஷம் நடந்த போட்டியில் என்ன செய்தாய்? லால்குடிப் பக்கத்து மில்காரர் ஒருவர் நம் சங்கத்துக்குப் படகு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். போட்டியில் அவர் பிடித்தது ஒரு பொடிக் கெண்டை. கோலை வைத்து, "சரியா இருக்கு" என்றாய். எனக்குக் கண் இல்லையா? கோலை வாங்கிப் பார்த்தேன். பழைய வெட்டை அரக்கு வைத்து அடைத்து, ஒரு அங்குலம் உள்ளே தள்ளிப் புதிதாக வெட்டியிருந்தாய்.

"இது உன் சாண்தானேடா? கையை வச்சுக் காட்டு" என்றேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "வாத்தியார், இது உங்க வகுப்பு இல்லைங்க. உட்காருங்க" என்றாய். அதுவரை என்னை டேய் என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை நீ. அத்தனை பேர் முன்னால் அந்த மரியாதை செருப்படிபோல விழுந்தது. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படகு வந்தது. படகோடு வலையும் வந்தது. குஞ்சும் சினையும் கூடை கூடையாகப் போயின. சங்கத்தில் யாருக்கும் கேட்க வாயில்லை, உனக்கும் சேர்த்துத்தான்.

இப்போது கோலைப் பார்க்கிறேன். பழைய வெட்டில் அரக்கு இல்லை, கத்தி முனையால் நோண்டி எடுத்த தடம் மட்டும் இருக்கிறது. அரக்கு புது வெட்டில் இருக்கிறது. அப்பா எப்போது இதைச் செய்தார் என்று நேற்றே உன் மகளைக் கேட்டேன். "போட்டி முடிஞ்ச மறுநாளே, மாமா. அப்புறம் அதைத் தொடவே இல்ல."

மறுநாளேயா? மறுநாளே புத்தி வந்தவனுக்கு, அதை என்னிடம் சொல்ல எட்டு வருஷம் போதவில்லையா? ஸ்ரீரங்கத்துக்கும் தென்னூருக்கும் என்ன கடலா குறுக்கே கிடக்கிறது? டவுன் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம், பாவி. கடைத்தெருவில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனாயே. நானும் கூப்பிடவில்லை. அதை எழுதாமல் விட்டால் நான் போடுவதும் பொய் வெட்டுதான்.

இன்று காலை கோலைக் குடைத்துணியில் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். ஒரு கெண்டை மாட்டியது. பழைய வெட்டுக்கு அரை விரல் குறைவு. தண்ணீரில் விட்டேன். பழக்க தோஷம், பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

என் சாமியிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னாய் அல்லவா? இப்போது அங்கேதானே இருக்கிறாய், பேசு. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று சொல்லுடா.