ரோசியை ஓட்டச் சொல்கிறார்கள்

2004 ஜூன் 14, திங்கள்

காலையில் தூறல். ஈரம் பட்டாலே தோல் பதனிடும் ஷெட் நாற்றம் ஆம்பூர் முழுக்க. ஷூ கம்பெனியில் டைப்பிங் வேலை ஜாஸ்தி. தலைவலி.

மத்தியானம் ஆபீஸுக்கே போன். சென்னை மாத நாவல் ஆசிரியர். நான் ஆண் பெயரில் எழுதும் பேய்க்கதைகளைப் போடுபவர். புதுசைப் படித்துவிட்டாராம். அதில் செத்துப்போன ரோசி மாலாவைக் காதலிக்கிறாள். மாலாவும் அவளைத்தான். கடைசிவரை சேர்ந்தே இருக்கிறார்கள்.

"பொம்பளப் பேய் எதுக்கும்மா பொம்பளய லவ் பண்ணுது? ஆம்பளப் பேயா மாத்துங்க. இல்லேன்னா கடைசில ஓட்டிடுங்க."

பேய் காதலிப்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பார்க்கிறேன் சார் என்றேன். பேஜார்.

ஜூன் 15

ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை.

சாயங்காலம் ஓட்டுகிற காட்சியை எழுத உட்கார்ந்தேன். தெரியாத விஷயமா என்ன. எனக்கே ஓட்டியிருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்று, கம்பெனியில் தையல் வேலை. வசந்திக்கு ஸ்டிச்சிங் லைனில் என் பக்கத்து மெஷின். எங்கள் இருவரையும் ஒன்றாக அம்மா பார்த்துவிட்டாள். மறுநாளே பள்ளிகொண்டா தாண்டி இருக்கிற ஜெப வீடு. சாப்பாடு கிடையாது. கண்ணில் எண்ணெய். பிரம்பு. போதகர் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "உன் பேர் இன்னா? சொல்லு!"

மெர்சி என்று சொன்னபோதெல்லாம் அடி. கடைசியில் ரோசி என்றேன். ஏரியில் விழுந்து செத்தவள், வசந்தி மேல் ஆசைப்பட்டது நான்தான், போய்விடுகிறேன் என்றேன். அடி நின்றது. அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

ரோசி என்று ஒருத்தி இருந்ததே இல்லை. நான் கட்டிய முதல் கதை.

வசந்தியை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அத்தோடு சரி.

இன்று ஒரு வரிகூட வரவில்லை.

ஜூன் 17

கத்திரிக்காய் குழம்பு. உப்பு கம்மி.

அம்மா: "ஞாயித்துக்கிழம ஜெப வீட்ல நீயே எழுந்து சாட்சி சொல்லு. வருஷா வருஷம் நானே சொல்லினு இருக்கேன். உன்னப் பாக்க பாகாயத்து மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க. சுகமாயிட்டேன்னு உன் வாயால கேக்கட்டும்."

"எதுலேர்ந்து சுகம்மா?"

அம்மா புளி கரைக்கப் போய்விட்டாள்.

ஜூன் 18

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆசிரியருக்கு போன். கதையைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"ரெண்டு பக்கம்தானேம்மா, நானே மாத்திக்கிறேன்."

"வேணாம் சார். அவள ஒரு தடவ ஓட்டியாச்சு. இனிமே முடியாது."

அவருக்குப் புரியவில்லை. இனி எதுவும் அனுப்ப வேண்டாமாம். சரி.

நாவலில் ஓர் இடம். மாலா கேட்கிறாள், உன் பேர் என்ன? ரோசி சொல்கிறாள். மாலா நம்பிவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. அதை எழுதிய அன்றுதான் பல வருஷம் கழித்து அசந்து தூங்கினேன். அந்தப் பக்கத்தைப் போய் எவனோ மாற்றுவதா.

ஜூன் 20, ஞாயிறு

நல்ல வெயில். ஜெப வீட்டில் அதே பாய், அதே எண்ணெய் வாடை. அம்மா இடித்தாள். எழுந்தேன். மைக் கொடுத்தார்கள்.

"எம்மேல எந்தப் பேயும் வரல. ரோசின்னு யாருமே இல்ல. அடி தாங்காம நான் சொன்ன பொய் அது. வசந்திய எனக்குப் புடிச்சிருந்துச்சு. எனக்கு. மெர்சிக்கு."

மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். பின்னால் ஒரு பொம்பளை: "அய்யய்யோ, இன்னும் போவல போலகீது."

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பச் செருப்புத் தேடினார்கள். போதகர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார்.

"கிட்ட வராதீங்க அய்யா," என்றேன். என் குரல்தான். நின்றுவிட்டார்.

வெளியே வந்து பஸ் ஏறினேன். பின்னாலேயே அம்மாவும். பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. முன்சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி.

கண்டக்டர் வந்தான். அம்மா திரும்பாமலே என் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்:

"ஆம்பூர் ரெண்டு."