பெஞ்சு இல்லாத நாள்

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. வக்கீல் கடிதம் வந்து நான்கு நாள். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாய்க்கால் வரை நடக்கிறேன், திரும்புகிறேன், மறுபடி கடிதத்தைப் படிக்கிறேன். சில நாள் உங்கள் மடை அடைத்துக் கிடந்தது, தண்ணீர் வீணாகப் பள்ளத்தில் ஓடியது. துக்க வீட்டில் யாருக்குப் பாய்ச்ச மனம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மேல் கோபமாகவும் வருகிறது. வழக்கு நடக்கும்போது பாதியில் எழுந்து போவதா?

கடிதத்தில் இருப்பது இதுதான். எதிராளி இறந்தால் தொண்ணூறு நாளுக்குள் அவர் இடத்தில் வாரிசின் பெயரைச் சேர்க்க மனுப் போட வேண்டும். போடாவிட்டால் என் அப்பீல் விழுந்துவிடும். தண்ணீர் முழுவதும் உங்களுக்கே என்ற தீர்ப்பு நிலைத்துவிடும், என் பூண்டுக் காடு காயும். போட்டாலோ? பிள்ளை இல்லாத உங்களுக்கு வாரிசு யார், என்னைத் தூக்கி வளர்த்த அக்காதானே. அவள் பெயரை எதிர்மனுதாரர் என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கடைசிப் பயணத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வழக்காளிகள் இருவரும் பூம்பாறையிலிருந்து ஒரே பஸ், கொடைரோட்டிலிருந்து ஒரே ரயில், அக்கா கட்டிக்கொடுத்த ஒரே தூக்குவாளிச் சோறு. வழியெல்லாம் உருளைக்கிழங்கு பற்றியும் மழை பற்றியும் பேசினோம், தண்ணீரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சென்னை ஹைகோர்ட் வராந்தாவில் என் வக்கீலின் குமாஸ்தா ஓடி வந்து, "இன்னிக்கு பெஞ்சு இல்லீங்க" என்றார். நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "அதனால என்னங்கய்யா, நாங்க நின்னுக்கிறோம்" என்றீர்களே! கறுப்புக் கோட்டுப் போட்டவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது, பெஞ்சு என்பது உட்காரும் பலகை அல்ல, சேர்ந்து விசாரிக்கும் இரண்டு நீதிபதிகள் என்று. அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல்.

நீங்கள் விடவில்லை. "இன்னொரு ஐயா சும்மாதான இருப்பாரு?"

"சும்மா இல்லீங்க. ஒருத்தரே தீர்க்கக்கூடிய கேஸ்களை அந்த ஹால்ல தனியா பாத்துக்கிட்டிருக்கார். உங்களுதுக்கு ரெண்டு பேர் வேணும். காய்ச்சல்காரர் வரணும், இல்லேன்னா தலைமை நீதிபதி வேற ஆளைச் சேர்த்து உட்கார வைக்கணும்."

ஒருவர் வராததால் கோர்ட் நின்றுவிடவில்லை. டவாலிச் சேவகர்கள் நடந்தார்கள், வழக்குக் கட்டுகள் அறை மாறின. நம் வழக்குதான் நின்றது. பொழுது போகாமல் தூண் ஓரத்தில் நின்றபடி, வக்கீல் இல்லாமல் முதல் தடவையாகத் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். ஞாயிறு முதல் புதன் வரை உங்களுக்கு, மற்ற மூன்று நாள் எனக்கு. எவ்வளவு சுலபமாக முடிந்தது! அடுத்த வாய்தாவில் ராஜி மனு கொடுப்பது என்றிருந்தோம். அதற்குள் உங்கள் நெஞ்சு நின்றது.

காகிதத்தில் ஒரு வரி இல்லை. செத்தவர் ஒத்துக்கொண்டார் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அக்காவே நம்புவாளா? பயந்து வாயை மூடிக்கொண்டேன். அன்றே ஒரு தாளில் எழுதியிருக்கக் கூடாதா நாம்?

இன்று காலை வெள்ளனே கடிதத்தோடு அவளிடம் போனேன். பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கடிதத்தை எடுக்குமுன் அவளே கேட்டாள்.

"ஏலே, இன்னிக்கு என்ன கெழமை?"

"வியாழன்."

"போன வாரமும் வியாழன் வந்துச்சுல்ல? உன் மூணு நாளைக்கு நான் எம்மடைய அடைச்சுட்டு ஒக்காந்திருக்கேன். தண்ணி பள்ளத்துல போயிக்கெடக்கு. நீ ஏன் தொறக்கல?"

"அக்கா, யாரு சொன்னது?"

"அவருதான். பெஞ்சு இல்லேன்னாங்களாம், நின்னுக்கிட்டே பேசி முடிச்சிட்டோம்னு வந்து சிரிச்சாரு."

மச்சான், நான் அழுதுவிட்டேன். கடிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் பூண்டை விட்டுக் கையெடுக்கவில்லை.

"வெரசா எம்பேர எழுதி அனுப்பு. அவரு எடத்துல நான் நின்னுக்கிறேன்."

உங்கள் வார்த்தைதான். அவளுக்குத் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா?

வந்ததும் என் மடையைத் திறந்தேன். இதை எழுதும்போது தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்கிறது. மனு நாளைத் தபாலில் போகும். வாய்தாவுக்கு நானும் அக்காவும் ராஜி மனு கொடுக்க ஒரே பஸ்ஸில், அதே தூக்குவாளியோடு போவோம். அன்றைக்கும் ஒரு நீதிபதி வராவிட்டால் திரும்பி வந்து மறுபடி போவோம். ஆனால் ஞாயிறு விடியும்போது என் மடை அடைத்திருக்கும், மச்சான். அதற்கு எந்த பெஞ்சும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நான்கு நாளுக்கும் காவலாக,
உங்கள் மச்சினன்
சுப்பையா
பூம்பாறை