எட்டு புள்ளி ஆறு

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை எரிபொருள் மிச்சத்தின் எண் 6.3 என்று வந்தது. நேற்று 8.6. அதே கார், அதே பெட்ரோல், சோதனைக் கூடத்தின் சுழலும் உருளைகள் மேல் அதே இருபத்துமூன்று நிமிட ஓட்டம். ஒரே ராத்திரியில் எஞ்சினுக்குப் பைத்தியமா பிடித்தது?

டெக்னீஷியன் 'கிளிப்'பைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். டயரில் காற்றைக் குறைத்தீர்களா, அறையின் சூட்டை ஏற்றினீர்களா, எதைத் தொட்டீர்கள் என்று. "நான் எதையும் தொடல மேடம்" என்றார். பன்னிரண்டு வருஷமாகச் சோதனைக் கூடத்தில் இருப்பவர். சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து கிளிப்புகள் தொங்கும், அதனால் அந்தப் பெயர். அவர் தொட்டிருக்க மாட்டார் என்று எனக்கே தெரியும். ஆனாலும் திட்டினேன்.

பதற்றத்தில் எல்லாம் குழம்புகிறது, எழுதி வைக்கிறேன். இது எட்டு சிலிண்டர் எஞ்சின், குதிரைபோல் இழுக்கும், அதற்கேற்ப குடிக்கும். லேசான ஓட்டத்தில் நாலு சிலிண்டரை அடக்கிவிட்டு மீதி நாலில் ஓட்டும்படி கணினியைப் பழக்குவது என் வேலை. பழைய அளவிலிருந்து எட்டு சதவீதம் எரிபொருள் குறைந்தால் இந்த எஞ்சின் பிழைக்கும். குறையாவிட்டால் தயாரிப்பையே மூடிவிடுவார்கள். போன மாதம் 8.6 என்று மேலே சொல்லியாகிவிட்டது. கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 5, புதன்

6.2.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

"திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவுல என்னதான் மாறிச்சு, சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க" என்று கிளிப்பிடம் கெஞ்சினேன். யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்ல மேடம். பேட்டரி சார்ஜரைப் பக்கத்து ரூம்காரங்க வாங்கிட்டுப் போனாங்க. இன்னும் தரல. அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார்.

ஓட்டக் குறிப்பேட்டை எடுத்து ஜனவரிப் பக்கத்தைப் புரட்டினேன்.

ஜனவரியில் ஒரு காலை பேட்டரி படுத்துக்கொண்டு கார் கிளம்பவே இல்லை. அரை நாள் வீண். அன்று கத்தினேன்: "இனிமே சார்ஜரைக் கழட்டவே கூடாது!" கிளிப் சொன்னதைச் செய்கிற மனிதர். கழற்றவே இல்லை. கார்தான் உருளை மேல் நின்ற இடத்திலேயே ஓடுகிறதே, சார்ஜர் மாட்டியிருந்தால் யாருக்கு இடைஞ்சல்? அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டமும் சார்ஜரோடுதான். ஒப்பிடுவதற்கு எடுத்த பழைய அளவோ டிசம்பரில் எடுத்தது, சார்ஜர் இல்லாமல்.

காருக்குள் விளக்கு, விசிறி, பம்ப் எல்லாவற்றுக்கும் வேண்டிய கரண்டை எஞ்சின் பெட்ரோலை எரித்துத்தான் தயாரிக்க வேண்டும். எங்கள் கார் சுவரிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. சுவர் கொடுத்த கரண்டை எஞ்சினின் சாமர்த்தியம் என்று நான் மேடையேறிச் சொல்லியிருக்கிறேன். நான்! மற்றவர்கள் கணக்கில் ஓட்டை தேடுகிறவள்!

மார்ச் 7, வெள்ளி

சார்ஜரோடு இரண்டு ஓட்டம்: 8.5, 8.6. இல்லாமல் இரண்டு: 6.2, 6.3. இனி சந்தேகத்துக்கு இடமில்லை. கிளிப்பின் முகத்தில் ஈயாடவில்லை. "என் தப்பா மேடம்?" என்று கேட்டார். இல்லை, என் தப்பு என்றேன். அதை மட்டும் இன்று ஒழுங்காகச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. ஏன் போனேனோ.

அண்ணன் எங்கள் ஆலையில் இதே எஞ்சினைப் பூட்டுகிற அசெம்ப்ளி வரிசையில் பதினான்கு வருஷமாக இருக்கிறான். எஞ்சின் போனால் வரிசை போகும், வரிசை போனால் முந்நூறு பேர். பக்கத்து வீட்டுக்காரரை வேறு கூப்பிட்டு வைத்திருந்தான். "இவதான் என் தங்கச்சி. எங்க எல்லார் வேலையையும் காப்பாத்திக் குடுத்தவ" என்று தோளைத் தட்டினான். அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்து, "இப்பதான் உங்க அண்ணன் நிம்மதியா தூங்குறார்" என்றார்.

தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 12, புதன்

மேலாளரிடம் சொன்னேன். தலையில் கை வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருபத்தொண்ணாம் தேதி கமிட்டி. அதுல முடிவு எடுத்துடுவாங்க. வெளி லேப்ல சோதனை அடுத்த வருஷம்தான்" என்றார்.

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. தேதியைச் சொன்னேன். நீங்க அவசரப்பட்டு எதையும் எழுதிப் போட்டுடாதீங்க."

நல்ல மனிதர்தான். பொய் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிரு என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகி நின்றுகொண்டார். எரிச்சலாக இருக்கிறது. அதைவிட எரிச்சல், அந்தக் கதவை நானும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வருஷம் கிடைக்குமே. ஒரு வருஷத்தில் மீதி இரண்டு சதவீதத்தை நிஜமாகவே பிடித்துவிட மாட்டேனா?

பிடிக்காவிட்டால்?

மார்ச் 15, சனி

கமிட்டிக்கு முன்னால் அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்று போய்ச் சொன்னேன். வாசலிலேயே நின்றபடி. சார்ஜர் விஷயத்தை ஒரே தடவையில் புரிந்துகொண்டான், என்னைவிட வேகமாக.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, டெக்னீஷியனுக்கு, மேனேஜருக்கு."

"மூணு பேர். மூணு பேரும் சும்மா இருந்தா?"

"காரை வாங்குறவனோட பெட்ரோல் டேங்குக்குத் தெரிஞ்சுடும்ணா."

"டேங்கைப் பத்திப் பேச வந்துட்டா! என் வரிசையில போன மாசம் வீட்டு வேலை ஆரம்பிச்சவன் இருக்கான். பொண்ணு கல்யாணத்தை நிச்சயம் பண்ணவன் இருக்கான். உன் நம்பரை நம்பி. நான் சொல்லித்தான் நம்புனாங்க. அவனுங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை, ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க உன்னை யார் சொன்னது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான். அவன் வீட்டு வாசலில் நான் நிற்கிறேன், அவன் போகிறான்.

மார்ச் 19, புதன்

சொல்லலாமா வேண்டாமா. சொல்லலாமா வேண்டாமா. மண்டை காய்கிறது.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஏழு பேர், நீள மேஜை. மேலாளர் என் பக்கத்தில் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், திரையில் 8.6 இருந்த இடத்தில் 6.2 போட்டேன். சார்ஜர் கதையைச் சொன்னேன், ஜனவரியில் நான் கத்தியதோடு சேர்த்து. கிளிப்பை இழுக்கவில்லை. ஓரத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். மூக்கு உடைவது என்றால் இதுதான் போலிருக்கிறது.

தலைமையில் இருந்த அம்மையார் சிரிக்கவில்லை. "இது எப்போலேர்ந்து தெரியும்?" என்றார். இரண்டு வாரம் என்றேன். "ரெண்டு வாரம்" என்று எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரம் திட்டியிருந்தால்கூட இப்படிச் சுட்டிருக்காது.

மே 23 வரை தவணை. அன்று வைக்கிற எண்தான் கடைசி. வெளி லேபும் அப்போதே அளக்குமாம்.

வெளியே வந்ததும் மேலாளர், "உங்களோட மாரடிக்க முடியலம்மா" என்றார். பிறகு அவரே போய் எனக்கு இன்னொரு சோதனை அறை கேட்டு வாங்கி வந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

6.8. நாலு சிலிண்டரில் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினேன். இன்னும் நீட்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. கையில் மரத்துப்போன மாதிரி ஒரு குறுகுறுப்பு. இந்தக் காரை வாங்குகிறவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

7.0. மூன்று நாளாக அதிலேயே நிற்கிறது. அண்ணன் போனை எடுப்பதில்லை. அண்ணிதான் எடுக்கிறார். "கொஞ்ச நாள் விடும்மா, தானா சரியாவார்" என்கிறார். வரிசையில் அவனோடு யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லையாம். அதையும் அவர்தான் சொன்னார்.

என்னால்தானே. அவன் என்ன தப்புச் செய்தான்? தங்கையை நம்பினான்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று மதியம் சோதனைக் கூடத்தின் வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான், வேலைச் சட்டையோடு. எழுந்து வாசலுக்குப் போனேன். முகத்தைப் பார்க்காமலே கேட்டான்:

"நாலு சிலிண்டரை எப்ப அடக்குவீங்க? கார் கிளம்புன உடனேயா?"

"ஆயில் எழுபது டிகிரி சூடானப்புறம். அதுவரைக்கும் எட்டும் ஓடும். ஆயில் தள்ளித்தான் சிலிண்டரை அடக்குற லாக் பின் நகரணும், குளிர்ந்த ஆயில்ல அது சரியா நகராது."

"எந்தக் காலத்துக் கதை இது? போன வருஷமே அந்தப் பின்னுக்கு ஆயில் போற துளையைப் பெருசு பண்ணிட்டோம். குளிர்லயே டக்குன்னு நகருது. தினம் கையில புடிச்சுப் பூட்டுறேன், எனக்குத் தெரியாதா? உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாலு வருஷமாக அந்த எழுபதை யாரோ எழுதிவைத்த வேதம்போல் வைத்திருக்கிறேன். பூட்டுகிற இடம் என் மேஜையிலிருந்து எட்டு நிமிட நடை.

"சாப்பிட்டியாண்ணா?" என்றேன். "ஷிஃப்ட் இருக்கு" என்று போய்விட்டான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எழுபதை நாற்பத்தைந்தாகக் குறைத்தோம். முதலில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தோம், பிறகு நூறு தடவை எஞ்சினைக் குளிரவைத்துக் குளிரவைத்து ஓட்டம். ஒரு பின்கூடச் சிக்கவில்லை. 7.5. கிளிப் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் என்னைக் கூப்பிட்டு, "சார்ஜர் இல்ல, பாத்துக்கோங்க மேடம்" என்று காட்டுகிறார். கிண்டலா, நிஜமா தெரியவில்லை. இரண்டும்தான்.

மே 14, புதன்

7.7. இதற்கு மேல் எறும்பளவுகூட நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் முயன்றாகிவிட்டது.

மே 23, வெள்ளி

நாங்கள் வைத்தது 7.7. வெளி லேப் அளந்தது 7.6. அம்மையார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எட்டு இல்ல" என்றார். "இல்ல மேடம்" என்றேன். "ஆனா ரெண்டு தாளும் ஒண்ணையே சொல்லுது" என்றார். முடிவு அடுத்த வாரமாம்.

மே 30, வெள்ளி

எஞ்சின் தயாரிப்பு நிற்காது. ஆனால் ஒரு ஷிஃப்ட்தான். முந்நூறு பேரில் பாதிப் பேரை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆலைக்கு மாற்றுகிறார்கள், வேறு வேலைக்கு. யார் யார் என்று பட்டியல் இன்னும் ஒட்டவில்லை. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று மேலாளர் மூன்று தடவை சொன்னார். தெரியும். அழுகை நின்றபாடில்லை.

ஜூன் 5, வியாழன்

எட்டிலிருந்து நாலுக்கு மாறுவது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்க்க, வரிசையிலிருந்து சிலரை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டுகிறோம். என் பட்டியலில் இல்லாமலே இன்று அண்ணன் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தான். பெல்ட்டை மாட்டினான். மார்ச்சுக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

வெளிச்சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும், "எப்ப மாறும்?" என்றான்.

"மாறி ஆறு நிமிஷம் ஆச்சு."

டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு காதைச் சாய்த்தான். அவன் உதடு கோணியது. சின்ன வயதில் பரிசு வாங்கினால் சிரிப்பை அடக்குவானே, அப்படி.

"பட்டியல் ஒட்டிட்டாங்க" என்றான் திடீரென்று. "என் பேர் அந்தப் பக்கம் போறவங்கள்ல இருக்கு. நானே எழுதிக் குடுத்தேன். வீடு கட்டுறவனால அவ்வளவு தூரம் போய்வர முடியாது, அவன் இங்கயே இருக்கட்டும்."

காரை ஓரம் கட்டினேன். கண் மறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுடுண்ணா என்று சொன்னேன், எத்தனை தடவை என்று தெரியாது. அவன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான்.

"நின்ன இடத்துல எஞ்சினை ஓட விடாத. நாம மிச்சம் புடிச்சதெல்லாம் இங்கயே புகையாப் போகுது. எடு வண்டியை."

நாம என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். வேகம் ஏறியதும் நாலு சிலிண்டர் அடங்கியது. அண்ணன் தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை.