பம்பு வரி

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. பெரிய மாளிகைகளுக்கு ஷவர் தேர்ந்தெடுத்து, எது எப்படி வேண்டுமென்று எழுதிக் கொடுப்பதுதானே என் வேலை? மேல்மாடியில் தண்ணீர் வேகம் போதாது, தனிப் பம்பு வேண்டும் என்று எழுதியிருந்தேன். என் அறையிலேயே தங்கும் மேலாளர் அண்ணன் கையெழுத்தும் போட்டார். நேற்று வீட்டுக்காரர் முன்னால் திறந்தோம். தாம்பாளம் அகல ஷவர், சளி பிடித்த மூக்குபோல் ஒழுகியது. பம்பே வைக்கவில்லை.

"இவன்தான் சார் செலக்ட் பண்ணான். பம்பு பத்தி மூச்சே விடல," என்றார் அண்ணன், கூசாமல். கோப்பைப் புரட்டினால் அந்தப் பக்கத்தையே மாற்றியிருக்கிறார். என் தட்டிலிருந்து உரிமையாக எடுத்துச் சாப்பிடுகிறவர், அப்பா.

கவலைப்படாதீர்கள். என் முதல் வேலை என்று, கையெழுத்தான அன்றே அந்தப் பழைய பக்கத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினேனே, இருக்கிறதா? என் போன் பழுதாகிவிட்டது. தங்கையிடம் சொல்லிப் பெரிதாக அச்செடுத்துத் தபாலில் அனுப்புங்கள். பம்பு வரி தெளிவாகத் தெரியட்டும்.

படத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது அண்ணன்தான். "நல்ல மனுஷனா தெரியறாரு, விட்டுடாதே" என்று சொன்னீர்களே, அதே படம்.

செருப்புச் சத்தம் கேட்கிறது, அவர்தான். முடிக்கிறேன்.

உங்கள் மகன்