பாடநூலில் இல்லாத வீடு

மே 6

இன்றைக்கும் நாற்பது விடைத்தாள். சீ, என்ன பிழைப்பு இது. திருத்தும் கூடத்தில் நூறு பேருக்கு நாலு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றுவதாக நடிக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் எச்சில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டுகிறார். அதே விரலால் எனக்கு பிஸ்கட்டும் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

உலக இலக்கியத் தாள், அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறவர்கள் எழுதியது. பாடமாக இருப்பது மொழிபெயர்த்த ஒரு பழைய திகில் நாவல், கோதிக் என்கிற வகை. அப்பா அம்மா இல்லாத பெண், மலைமேல் கோட்டை, பூட்டின அறை, முறுக்கு மீசைப் பிரபு, மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மயக்கம். இருபது வருஷமாக நடத்துகிறேன். அவள் விழும்போதெல்லாம் "எழுந்திருடி" என்று ஓர் அறை விடலாம் போலிருக்கும்.

பதினோராவது கேள்வி: கோதிக் நாவலின் இயல்புகள் ஐந்தைச் சான்றுடன் விளக்குக. பத்து மதிப்பெண். எல்லாரும் நோட்ஸை அப்படியே வாந்தி எடுத்து வைத்திருக்கிறார்கள். எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில்.

மே 7

முதுகுவலி. எழுதப் பிடிக்கவில்லை.

மே 8

ஒருத்தி பதினோராவது கேள்விக்கு இஷ்டத்துக்குக் கதை அளந்திருந்தாள். பிரபு இல்லை, மலை இல்லை. இரண்டு வரி படித்தேன். 'பாடநூலில் இல்லாதது' என்று எழுதி, பூஜ்யம் போட்டு வட்டமிட்டேன். மொத்தம் முப்பத்தெட்டு, இரண்டில் போச்சு. என்ன செய்ய, புத்தகத்தைத் தொட்டிருந்தால்தானே!

மே 9

பாஸாக நாற்பது வேண்டும். முப்பத்தைந்திலிருந்து முப்பத்தொன்பது வரை நிற்கும் தாள்களைத் திருத்தினவரே மறுநாள் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று இங்கே விதி. அந்த முப்பத்தெட்டு என் மேஜைக்குத் திரும்பி வந்தது. இந்தத் தடவை முழுசாகப் படித்தேன். படித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நினைவிலிருந்து எழுதி வைக்கிறேன்:

"கோட்டை பாழடைந்திருக்க வேண்டியதில்லை. போன வருடம் வெள்ளையடித்த வீடாகவும் இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியிலிருந்து பலகை அடித்திருக்கும். கொடியவனுக்குக் கறுப்பு அங்கி இருக்காது. பெரியப்பா என்று முறை இருக்கும். அப்பா என் பெயரில் விட்டுப்போன வீட்டை நான் எழுதிக்கொடுக்கும்வரை சாவி அவர் இடுப்பில் இருக்கும். நாவலில் பேய் வருகிறது. இங்கே அதுவும் வருவதில்லை. வந்தால் பேசிக்கொண்டாவது இருக்கலாம். தம்பி மகளைப் படிக்கவைக்கிறார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதனால் தேர்வுக்கு மட்டும் கதவு திறக்கும். வாசலில் அவர் நிற்பார். தேர்வறையில் பேசக்கூடாது, எழுதலாம். இது கடைசித் தாள். திருத்துகிறவர் யாராக இருந்தாலும், வணக்கம்."

இதற்குத்தான் நான் பூஜ்யம் போட்டு, அழகாக வட்டமும் போட்டிருக்கிறேன். தூ.

மே 10

தாளில் பெயர் கிடையாது. பதிவெண் இருக்கும் துண்டைக் கிழித்தெடுத்துவிட்டு வேறொரு எண் போட்டுத்தான் எங்களிடம் தருவார்கள். அசல் எண் தலைமைத் தேர்வாளரிடம். தாளோடு போய் நின்றேன். பல் குத்திக்கொண்டே படித்தான்.

"கதை விட்டிருக்கா மேடம். இந்த மாதிரி நாவலைப் படிச்சா இப்படித்தான் மண்டை கெட்டுப்போகும்."

"இருக்கட்டும் சார். பேரை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"எழுதிக் குடுங்க. விளக்கம் கேட்டு வீட்டு விலாசத்துக்கு லெட்டர் போகும். அதான் நடைமுறை."

வீட்டு விலாசத்துக்கு! அதை யார் பிரிப்பான்னு யோசிக்கக்கூடத் தெரியாதா? குச்சியைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டான். எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

மே 11

தாளை இன்று ஒப்படைத்தாக வேண்டும். அந்தப் பதிலுக்கு நியாயமாக ஆறு போடலாம். ஐந்து இயல்பும் இருக்கிறதே, நோட்ஸ் எழுதினவனைவிட அவளுக்குத்தான் விஷயம் தெரியும். ஆறு போட்டால் நாற்பத்திநாலு, பாஸ், பட்டம். அப்புறம்? கதவைத் திறக்க இன்னொரு பரீட்சை கிடையாது.

ஃபெயில் ஆனா ஜூலை கடைசில மறுதேர்வு. படிக்கவைக்கிறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டவன் அனுப்பித்தானே ஆகணும்? — அனுப்பலைன்னா?

காலையிலேயே வீட்டில் இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "நீ ஒண்ணும் புதுசா செய்யலையே. போட்டதை அப்படியே விடறே, அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதானா? இருபது வருஷத்தில் தெரிந்தே ஒரு மார்க்கை நான் தின்றதில்லை. முப்பத்தெட்டு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறுகிற மாதிரியே இருக்கிறது.

மே 28

முடிவு வந்துவிட்டது. எங்கள் மையத்தில் இந்தத் தாளில் தோற்றவர்கள் ஆறு பேர். வெறும் எண்கள்.

ஜூலை 22

மறுதேர்வுக்கு அறை மேற்பார்வை வேலையைக் கெஞ்சி வாங்கினேன். பழைய மாணவி ஒருத்தி இப்போது போலீஸ் இன்ஸ்பெக்டர். விஷயத்தைச் சொன்னேன். சாதாரணப் புடவையில் வருகிறேன் என்றாள்.

ஜூலை 30

வந்தாள்.

ஆறில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். மேஜை மேஜையாக எட்டிப் பார்த்தேன், மூன்றாவதில் அந்தக் கையெழுத்து. இவ்வளவு ஒல்லியாக இருப்பாள் என்று நினைக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் பெரியப்பா கேட்டருகே நிற்கிறார், ஒரு கையில் குடை, மறு கையில் தண்ணீர் பாட்டில். "பெத்த அப்பன்கூட இப்படி வந்து நிக்கமாட்டான்" என்று வாட்ச்மேன் என்னிடம் மெச்சிக்கொண்டார்.

எழுதி முடித்ததும் இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்குப் போகணுமாம்மா?" என்று கேட்டாள். "மாட்டேன்." அந்த ஒரு வார்த்தை போதும், இருபத்தோரு வயசு ஆகிறது. கேட்டருகே பெரியப்பா அழுத அழுகையைப் பார்க்க வேண்டுமே! "என் சொந்தப் பொண்ணு மாதிரி" என்றார், கண்ணீர் ஒரு சொட்டுகூட வராமல்.

நான் யார் என்று அவளிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கக்கேடு.

"நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்மா."

"படிச்சிட்டா ஃபெயில் போட்டீங்க?"

எல்லாவற்றையும் விளக்கினேன்.

"ஃபெயில்னு தெரிஞ்ச அன்னிக்கு ஜன்னல் பலகையில இருந்த இடுக்கையும் அடைச்சிட்டாங்க. ரெண்டு மாசம், மிஸ்."

ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19

அவளைச் சேர்த்திருக்கும் பெண்கள் விடுதிக்கு போன் செய்தேன். வார்டன் அலுத்துக்கொண்டார். "நீங்க வந்தா பாக்கமாட்டாளாம் மேடம். எந்நேரமும் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிறா. சாப்பிடக்கூடத் தட்டித் தட்டித்தான் கூப்பிட வேண்டியிருக்கு. நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"போட்டுக்கட்டும்" என்றேன். "தட்டாதீங்க. அவளா திறக்கட்டும்."