எங்க வீட்டு ஐ.எஸ்.டி.பி.

ஜூன் 3

யாழ்ப்பாணத்து நிசாந்தினி டீச்சர் ஸ்டாஃப்ரூமில் ஃபோனை நீட்டி, "அறுபது கேள்விதான், செய்து பாருங்கோ ரீச்சர்" என்றாள். என்ன ஆளுமை வகை என்று சொல்லிவிடுமாம். செய்தேன். நான் ஐ.என்.எஃப்.ஜே. நூறு பேரில் ஒருத்தரோ இரண்டு பேரோதானாம்! மனதின் முதல் செயல்பாடு உள்நோக்கிய உள்ளுணர்வாம். அடுத்தவர் மனதை அவர் வாய் திறக்கும் முன்பே படித்துவிடுவோம். எனக்கு எப்பவோ தெரியும், இப்போதுதான் எழுத்தில் வந்திருக்கிறது.

ஜூன் 5

இவருக்கும் நானே செய்தேன். விடிய ஐந்து மணிக்கு பதுளை-லுணுகலை பஸ்ஸை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் பசறைக்கு வருகிற டிரைவரிடம் அறுபது கேள்வி கேட்க முடியுமா? "பேச்சைத் தவிர்ப்பவரா?" முழுக்க முழுக்க ஆமாம். "மற்றவர் சொல்வதைக் கவனித்துக் கேட்பாரா?" நல்லா கேட்டாங்க!

வந்தது ஐ.எஸ்.டி.பி. உள்நோக்கிய சிந்தனை முதலிடம், உணர்ச்சியை வெளிக்காட்டுவது கடைசி இடம். பாவம், பிறவிக் குணம். பதினோரு வருஷமாக நான்தான் வீணாகக் கோபப்பட்டிருக்கிறேன்.

ஜூன் 8

தகரக் கூரையில் மழை. சாப்பிடும்போது கேட்டேன்: "ஏங்க, பண்டாரவளைக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதவா? தங்கச்சி வீட்டுலயே தங்கிக்குவேன்." நிமிர்ந்தும் பாக்கல. "ம்... சரி"ங்கிறாரு. ரசத்த ஊத்திக்கிறாரு. பொண்டாட்டி போறேங்கிறா, மனுஷனுக்கு ரசம்!

அழுதேன். பிறகு ஐ.எஸ்.டி.பி. பற்றி இன்னும் படித்தேன். கடைசி இடத்தில் இருக்கிற செயல்பாடு நெருக்கடியில் முடங்கிவிடுமாம். அப்படியென்றால் உள்ளே வலிக்கிறதா, இல்லையா? அதை எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஜூன் 9

டிரான்ஸ்ஃபர் படிவத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. கடைசித் தேதி 30.

ஜூன் 17

பதுளையில் கூட்டம். திரும்பும்போது இவர் பஸ்ஸிலேயே ஏறினேன், கல்யாணமாகி மூன்றாவது தடவையோ நாலாவதோ. கண்டக்டர் ஷிபான் "ரைட்" என்று கத்துவதே இல்லை. ஒவ்வொரு தடவையும் முன்னால் போய் டிரைவர் சீட்டுக் கம்பியில் தட்டுகிறான். போக இரண்டு தட்டு, நிறுத்த ஒன்று.

"ஏன் தம்பி, தொண்டை கட்டிருச்சா?"

"அண்ணனுக்கு எடது காது கேக்காதே அக்கா. பதினாலு வருசமா அந்தப் பக்கம்தானே என்ஜின் கத்துது. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியுமே என்றேன்.

தாலி கட்டியதும் "பொண்ண எடது பக்கம் உக்கார வைங்க" என்றார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டிலும் படுக்கையிலும் நான் அந்தப் பக்கமேதான். மடச்சி. மடச்சி!

ஜூன் 18

வலது பக்கம் உட்கார்ந்தேன். அதே கேள்வி, அதே வார்த்தை.

சோற்றில் வைத்த கை நின்றுவிட்டது. "என்னத்துக்குப் போகணும்? நான் என்னா தப்பு செஞ்சேன் டீச்சரம்மா?" கண் கலங்கிவிட்டது. எனக்கில்லை, அவருக்கு. பிறகுதான் எனக்கு.

காது கேக்காதத ஏன் மறைச்சீங்க? "லைசன்ஸ் போயிருமேன்னு பயம். நீ என்னமோ சொல்றேன்னு தெரியும். சரின்னு சொன்னா தப்பாப் போகாதுன்னு நெனச்சேன்."

அந்த வளைவு ரோட்டில், ஐம்பது பேரை வைத்துக்கொண்டு! ஒரு மணி நேரம் திட்டினேன், வலது காதிலேயே. நாளைக்கே காது டாக்டர், நாளைக்கே முதலாளியிடம் சொல்ல வேண்டும். "சரி" என்றார். இந்தத் தடவை கேட்டுத்தான் சொன்னார்.

ஜூன் 27

காது மெஷின் போட்டு, டாக்டர் கடிதம் தந்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதுவரை இவர் வீட்டில். மறைக்க இனி ஒன்றுமில்லையே. பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. நடு ரோட்டில் மாடு படுத்த கதை மட்டும் மூன்று தடவை. தலை வலிக்கிறது.

ஜூன் 30

அறுபது கேள்வியையும் இன்றைக்கு அவரே செய்தார், கேள்விக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு. ஈ.எஸ்.எஃப்.பி. இருக்கிற இடத்தைக் கலகலப்பாக்குகிறவராம்.

"ஒன்னோடது என்னா?"

"நூத்துல ஒருத்தி. ஆளப் பாத்தே மனசப் படிச்சிருவேன்."

சிரிச்சாரு பாரு, பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. கல்வி அலுவலகம் நாலு மணிக்கே மூடியிருக்கும். படிவம் என் பையில்தான் கிடக்கிறது.