துவக்கு என்று நான் கத்திய நாள்

தம்பி,

அன்றைக்கு சோஹார் அரபு வீட்டில், விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டு முதலாளி அர்பாப் சாலிம். அவருடைய மகன் ஹமத். ஆபீஸ் கடிதங்கள் எழுதித்தர வரும் திருச்சிக்காரன் சேகர். வண்டி ஓட்டிய நீ. சமைத்த நான்.

இன்று காலை, இப்போது நான் இருக்கும் புஜைராவில், என் மகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் அந்த நாள் திரும்ப வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை வரும், நினைவில் வராது.

அர்பாப்பின் தகப்பனார் விட்டுப்போன இரும்புப் பெட்டியை நீதான் தூக்கிவந்தாய். உள்ளே, கறுத்த துணியில் சுற்றிய, நீளக் குழல் வைத்துச் சுடுகிற பழைய துவக்கு. போலீஸில் பதிய வேண்டும், எந்த நாட்டுச் சாமான் என்று எழுத வேண்டும். ஹமத் இங்கிலீஷ்காரனுடையது என்றான். அர்பாப், "துருக்கி, துருக்கி, என் தகப்பன் சொன்னது" என்று கையை ஆட்டினார். சேகர் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

நீ வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கலாம். என் காதில், "ரெண்டுபேரும் பிழையக்கா. மெஷின் எண்ணெய் கொஞ்சம் தாங்கோ" என்றாய். தந்தேன். அதையும் நான்தான் தந்தேன்.

ஹமத் துவக்கை மடியில் வைத்திருக்க, நீ அதன் பக்கத்து இரும்பைத் துடைத்தாய். துருவுக்குள்ளிருந்து அரபு எழுத்து வந்தது. ஹமத் எழுத்துக்கூட்டினான், எழுத்து அரபு, சொல் துருக்கி, ஒன்றும் விளங்கவில்லை. கடைசிச் சொல்லில் நிமிர்ந்தான். "அல்மானியா!"

ஜெர்மனி. "ஜெர்மன்காரன் துருக்கிக்குச் செய்து குடுத்த மவுசர்" என்றாய் என்னிடம். பிறகு உன் உடைந்த அரபியில் அவர்களுக்குச் சொன்னாய். இழுத்துத் தள்ளுகிற பூட்டின் பக்கத்தில், தோட்டா மேலேறாமல் தடுக்கிற சின்ன நாக்கைக் காட்டி, அது எல்லா மவுசரிலும் இராது என்றாய். முன்மரத்தை யாரோ வேட்டைக்காக அறுத்துக் குட்டையாக்கியதையும் காட்டினாய். அர்பாப்புக்கு வாயெல்லாம் பல். உனக்கும்தான். அப்படி நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

எண்ணெய் ஊறியதும் இறுகிக் கிடந்த பூட்டு இளகியது. ஹமத் இழுத்தான். ஒன்றும் வெளியே விழவில்லை. "மாஃபி, மாஃபி", ஒன்றுமில்லை என்று சிரித்தான். அந்த நாக்கைத் தட்டிவிட்டு, பூட்டை மறுபடி இழுத்துத் தள்ளினான். பித்தளை ஒன்று மினுங்கி உள்ளே போனதைக் கண்டேன். குழல், காவாக் கோப்பித் தட்டோடு வாசலில் நின்ற என் வயிற்றுக்கு நேரே இருந்தது.

எனக்கு வேறு சொல் வரவில்லை. "துவக்கு! துவக்கு!" என்று கத்தினேன்.

திருச்சியில் துவக்கு என்றால் ஆரம்பி. நம் ஊர்த் துவக்கு அவர்களுக்குத் துப்பாக்கி. "ஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க பாஸ், யல்லா!" என்று சேகர் கைதட்டினான்.

நீ பாய்ந்தாய். குழல் கூரையைப் பார்த்தது. பூட்டை நீ இழுத்திழுத்துத் தள்ள, டக் டக்கென்று ஐந்து தோட்டா கம்பளத்தில். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு எல்லோரும் பார்த்தது தோட்டாக்களை அல்ல, உன் கைகளை.

பதினேழு வயதில் இயக்கம் உன்னைப் பிடித்துக்கொண்டு போனதையும், துவக்குத் திருத்தும் கொட்டிலில் வைத்திருந்ததையும் நீ எனக்கு மட்டும் சொல்லியிருந்தாய். சேகருக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்ததுபோல் கேட்டான்.

"என்னப்பா, கை பேசுது! ஊர்ல எத்தனை பேரை மேல அனுப்புன? நாளைக்கு போலீஸ் வருது. கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா உன் பேரைத்தான் குடுப்பேன்."

சொல்லிவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான்.

குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாய். "பேர் எழுதினால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் அக்கா. அங்க இறங்கினால் நான் என்னெண்டு சொல்ல?" என்றாய். "பேய்க்கதை கதையாதை, நான் அர்பாப்பிட்ட சொல்லுறன்" என்றேன். பின்னேர அஸர் தொழுகை முடிந்து அவர் வருவதற்குள் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். பாஸ்போர்ட் அவருடைய அலுமாரியில்.

மறுநாள் போலீஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். காவா குடித்தார்கள். நம்பரை எழுதினார்கள், அல்மானியா என்று எழுதினார்கள், அர்பாப்பைத் தழுவிவிட்டுப் போனார்கள். கண்டுபிடித்தவன் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று பேரிடம் சொல்லி அனுப்பினேன், பயமில்லை வா என்று. உன்னைப் பிடித்துக்கொடுக்கத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்தாயாம்.

எட்டு மாதம். துறைமுகப் பக்கம் ஒரு ரூமில், அடையாள அட்டை இல்லாமல், கிடைத்த சைட்டில் வேலை. காய்ச்சல் வந்தபோதும் ஆஸ்பத்திரியில் பேர் கேட்பார்கள் என்று போகவில்லையாம். ரூம்காரப் பெடியன் அழுதழுது சொன்னான்.

உன் பயம் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. கதவு தட்டினால் யார் என்று கேட்க நாக்கு எழும்பாது. பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை நான் பழக்கவில்லை. துப்பாக்கி என்றே சொல்கிறேன், திருச்சிக்காரியைப்போல.

ஹமத்தை விட்டுவிட்டேன், இளந்தாரி, விளையாட்டுப் புத்தி. அர்பாப் உன்னைச் சவப்பெட்டியில் ஊருக்கு அனுப்பும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், அவரையும் விட்டுவிட்டேன். என் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதைக்கூடப் பொறுப்பேன்; மொழி செய்த வேலை அது. ஆனால் உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "நான் சும்மா தமாசுக்குத்தானே அக்கா சொன்னேன்" என்றானே ஒருத்தன். அவனை மட்டும் மாட்டேன், தம்பி.

சேகரை.